யாரும் வராத பக்கம்

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்; அந்த வீட்டு இணையதளம் தேடலில் முன்னால் வந்தால்தான் மகளுக்குப் பள்ளியில் இடம். பக்கங்களைச் சீராக அடுக்கித்தர வந்த ஜெரால்டு, ஆதிரையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, இறந்துபோன உங்க பையன் பக்கத்துக்கு யாருமே வர்றதில்லை. அதுதான் மொத்தத் தளத்தையும் கீழே இழுக்குது."

"நான் தினமும் பார்க்கிறேனே."

"வீட்டு ஆளுங்க பார்த்தா கணக்குல வராதுக்கா."

மகளை நினைத்து அதை அழித்தாள்.

மறுவாரமும் முன்னேற்றமில்லை. "எல்லா வீட்டுலயும் இறந்தவங்களை எடுத்துட்டாங்க," என்றான் ஜெரால்டு. "உங்க மாமனார் பக்கத்துக்கும் யாரும் வர்றதில்லையே."

"அவர் உயிரோட இருக்காருப்பா. பக்கம் இல்லேன்னா மருந்துக்கடையில மாத்திரை தரமாட்டாங்க."

அவன் 'அழி' பொத்தான் தெரியும்படி திரையை நீட்டினான்.

உள்ளேயிருந்து மாமனார், "மாத்திரை நேரமாச்சேம்மா," என்றார்.

"இதோ வரேன் மாமா," என்றாள். விரல் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது.