பியோனி போட்ட கேன்

மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி வேலியோரம் மாவு தூவியதுபோல் கிடக்கிறது. குளிர் பட்டு முளைக்கட்டும் என்று போன ஜனவரியில் ஆர்டிஸ் விதை போட்டுப் பனியில் வைத்த பழைய பிளாஸ்டிக் பால் கேன்களில், பியோனிப் பூச்செடி விதை போட்டது மட்டும் கோடை முழுக்க வெறும் மண்ணாகவே இருந்தது. அதைத்தான் வெர்லின் கையில் எடுக்கிறான். முடி கொட்டிய தலையில் கம்பளிக் குல்லாவும் மடியில் போர்வையுமாகப் பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் அவன் மனைவி ஆர்டிஸ்.

"அதையும் கொட்டிடு. முளைச்சாலும் பூக்க அஞ்சு வருஷம். யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன்."

"உனக்குப் பியோனிக்கும் முட்டைக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாது."

அவன் கேனைக் கவிழ்க்கிறான். மண் அச்சு மாறாமல் உள்ளங்கையில் வந்து உட்காருகிறது. அதன் ஓரத்தில், கறுப்பு விதையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை வேர். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டுகிறான். ஆர்டிஸ் கையுறையைக் கழற்றுகிறாள். விரல் வேரைத் தொடாமல் பக்கத்திலேயே நிற்கிறது.

"அடியில வேலை பாத்துட்டு இருந்திருக்கு, கள்ளி."

"பாவம், குளிரும். உள்ள அடுப்புப் பக்கத்துல வெச்சிடறேன்."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடிக்கிறாள். "கொன்னுடாத. இன்னொரு குளிர்காலம் பட்டாத்தான் அது இலை விடும்."

அவன் மண்ணை மறுபடி கேனுக்குள் இறக்கி, வேலிப்பக்கம் நடக்கிறான்.

"அங்க வேண்டாம், வெர்லின். இப்படி வை. என் கட்டில்லேருந்து ஜன்னல் வழியாத் தெரியற மாதிரி."