மூன்றாவது நகரத்து அறை

கட்டட வரைபடம் போடுகிறவள் அவள். எந்த நாட்டிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்று நிறுவனம் சொன்னதும் நகரம் நகரமாகப் போய்ப் பார்த்தாள். முதல் நகரத்தில் வாடகை குறைவு, இணையம் ஆமை வேகம். இரண்டாவதில் இணையம் பறந்தது, வாடகை கையைக் கடித்தது.

அம்மா இருந்திருந்தால் ஒரே பேச்சில் முடிவு சொல்லியிருப்பார். மகளைப் படிக்கவைக்கச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர், இந்த வேலை கிடைக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்றாவது நகரத்தில் தமிழ் பேசும் வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்ததும் சிரித்தார்.

"வாம்மா. காலைலயே உங்கம்மா வந்து ரூமைப் பார்த்துட்டாங்க. குழாயைத் திறந்து பார்த்தாங்க, நெட் எப்படின்னு கேட்டாங்க. மத்தபடி உன்னைப் பத்தித்தான் ஒரே பெருமை. என் பொண்ணு வரைஞ்ச கட்டடம் அசையாதுன்னாங்க."

"வேற யாராவதா இருக்கும்மா."

"உன்னை மாதிரியே மூக்குல மச்சம். நீ வேற."

அம்மாவிடமிருந்து வந்த மூக்கு மச்சத்தை அவள் தொட்டுக்கொண்டாள். ஜன்னலோர மேசையையும் வெளிச்சத்தையும் பார்த்தாள். தம்பிக்கு போன் செய்து, "இந்த ஊர்தான்டா" என்றாள்.

மறுநாள் அந்த மேசையில் மடிக்கணினியைத் திறந்து அலுவலகக் கூட்டத்தில் சேர்ந்தாள். அவள் வரைந்த மருத்துவமனைக் கட்டடத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

மேலாளர் திரையை உற்றுப் பார்த்தார். "உங்க பின்னாடி உட்கார்ந்து கை தட்றாங்களே, யாரு?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எங்கம்மா சார். நான் வேலை பார்க்கிறதைப் பார்க்க வந்திருக்காங்க."