மாப்பிள்ளைக்கு ஒரு வேலை

"மாப்ளே, கக்கூஸ்ல ஃப்ளஷ் டேங்க் மறுபடியும் ஒழுகுது. என்னான்னு பாருங்களேன்!"

வாசலிலிருந்து வீரையன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த அவர் மகள் எழில்மொழிக்குச் சுருக்கென்றது.

சென்னைக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவள் புருஷன் சேரனுக்கும் வேலை போனது. இருவரும் குத்தாலத்துக்கு, அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்த புதிதில் சேரன் அறையை விட்டு வெளியே வரவே கூசினான். சாப்பாடுகூட உள்ளேதான்.

அப்படிப்பட்டவனைத்தான் அப்பா ஓயாமல் கக்கூஸ் வேலைக்குக் கூப்பிடுகிறார்.

சேரன் போனான். சுவரோரமிருந்த வால்வை மூடினான். டேங்குக்குத் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றி, வாஷரைத் துடைத்துப் பார்த்து, மரையில் டேப் சுற்றி, நட்டை முடுக்கினான். முதல் தடவை யூடியூபைப் பார்த்துப் பார்த்துச் செய்தவன், இன்று போனை எடுக்கவே இல்லை.

"முடிஞ்சுது மாமா. இனி ஒரு சொட்டு வராது."

"நீங்க தொட்டா அப்புறம் என்ன!" என்றபடி வீரையன் வயலுக்குக் கிளம்பினார்.

எழில்மொழி பின்னாலேயே ஓடிவந்து மறித்தாள்.

"ஏம்ப்பா, மோட்டாரையே பிரிச்சு மாட்டுற ஆளு நீங்க. ஒரு நட்டு முடுக்கத் தெரியாதா? வேலையில்லாம வந்து உக்காந்திருக்காருன்னு இளக்காரமா போச்சுல்ல?"

"நடவு நேரம்மா. எனக்கு எங்க பொழுதிருக்கு?"

"அதுக்காகத் தெருவே கேக்குற மாதிரியா கூப்பிடுவீங்க? எதிர்வீட்டு அஸார் அண்ணன் வந்து, 'எங்க வீட்டு டேங்கையும் பாக்கச் சொல்லும்மா'ங்கிறாரு."

"மாப்ள போனாரா?"

"போனாரு. சிரிச்சுக்கிட்டேதான் திரும்பி வந்தாரு. உள்ளுக்குள்ள என்னவா இருந்துச்சோ!"

வீரையன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அந்த வாரமே சேரனைத் திருச்சிக் கம்பெனி ஒன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

"அவங்க முன்னாடி உக்காந்தா எனக்குப் பேச்சே வராது எழில். வரலைன்னு சொல்லிடறேன்."

"பேசாம படுங்க. காலையில ரயிலு" என்று அவள்தான் அதட்டினாள். அவன் புரண்டுகொண்டே கிடந்தான்.

விடிகிற நேரம். காபி போட எழுந்து வந்தவள், கக்கூஸில் விளக்கு எரிவதைப் பார்த்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா. கையில் ஸ்பேனர். ஹோஸ் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"அப்பா! என்ன பண்றீங்க?"

வீரையன் பதறவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்... மாப்ள காதுல விழுந்துடப் போவுது. முதல் தடவை மட்டுந்தான் இது தானா ஒழுகுச்சு. ஒவ்வொரு தடவையும் இதைச் சரி பண்ணிட்டு வெளிய வர்றப்ப அவரு நிமிர்ந்து வர்றாரும்மா. இன்னைக்கு அப்படியே போய் ரயில் ஏறட்டும்!"