ஒரு விரற்கடை

காருக்குப் புதிதாக வந்த அலாய் வீல், மாட்டியதுமே பிரேக்கோடு மல்லுக்கு நின்றது.

"தள்ளிப் போய்யா! உரசி உரசி என் உடம்பெல்லாம் கீறுது."

"நான் போயிட்டா வண்டியை யாரு நிறுத்துறது? நீ தள்ளு!"

மெக்கானிக்கின் தட்டில் கிடந்த, இடைவெளி விடுவதற்கான ஸ்பேசர் வளையத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னை உள்ளே விடுங்க. ஒரு விரற்கடை விலகினா போதும்."

"தோசையாட்டம் தட்டையா இருந்துக்கிட்டு நாட்டாமை பண்றியா?" என்றது வீல்.

மெக்கானிக் அச்சுக்கும் வீலுக்கும் நடுவே வளையத்தைக் கொடுத்து நட்டை முடுக்கினார். வீல் எதிலும் இடிக்காமல் ஜோராகச் சுழன்றது.

மலை இறக்கத்தில் எருமையொன்று குறுக்கே வந்தது. பிரேக் இறுக்கிப் பிடிக்க, அதன் வாலருகே வண்டி நின்றது.

"நல்லவேளை அண்ணே, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க!" என்று பிரேக்கிடம் உருகியது வீல்.

"பக்கத்துல இல்லடா! ஒரு விரற்கடை தள்ளி!" என்று உள்ளிருந்து கெக்கலி கொட்டியது வளையம்.