முழு வேகம்

ஓஷ் நகரத்து அய்ஜமாலின் கணவன் தாலாய், ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து இணையம் நத்தையாய் ஊர்ந்தது. வீடியோ அழைப்பில் அவன் முகமே கலங்கித்தான் தெரியும்.

"பழைய நெட்வொர்க் கார்டு, இவ்வளவுதான் ஓடும்னு உன் மச்சான் சொன்னாருடா," என்றாள், கணினியைப் பார்க்க வந்த தம்பி எர்மெக்கிடம்.

"கார்டு நல்லாத்தான்க்கா இருக்கு. யாரோ அதை இயக்குற டிரைவர் சாஃப்ட்வேரைத் தப்பாப் போட்டிருக்காங்க," என்ற எர்மெக் அதை மாற்றினான். இணையம் பறந்தது.

ஆசையாய்க் கணவனை அழைத்தாள். பளிச்சென்று வந்தான்.

"இங்க ஒரே பனி, அய்ஜமால். கைகாலெல்லாம் விறைக்குது!"

அவனுக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் காய்ந்தது. அந்த வெயிலில், ஓஷ் நகரின் நடுவே நிற்கும் சுலைமான் மலை துல்லியமாகத் தெரிந்தது.

"அப்படின்னா வந்து சூடா ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள் அய்ஜமால். "நடந்து வர்ற தூரந்தானே?"