பெட்டி வந்த வண்டி

“ஊரே முங்கிக் கெடக்கு. எண்ணூறு கல்யாணப் பெட்டி. பொண வண்டியில ஏத்தி அனுப்புனேன். ஒரு பெட்டியில ஒரு சொட்டு ஈரம் கெடையாது. வழியில போலீஸ்காரரு தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு நிக்காரு. யாருக்கு? என் பெட்டிக்கு!”

முதலாளி தவசிக்கனி அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அச்சகம் முழுக்கச் சிரித்தது. அட்டை வெட்டுகிறவர் சிரித்தார். பசை தடவும் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று லேசாக அசைந்திருக்கும்.

வாடிக்கையாகப் பெட்டி வாங்கும் பேக்கரிக்காரி அவள். அவளும் சிரித்தாள். வழக்கம்போல மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாக.

அவள் கைப்பையில் இன்னோர் அச்சகத்தின் விலைத்தாள் இருந்தது.

பெட்டிக்கு அறுபது பைசா குறைவு.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்திரி மக்ரூன் பெட்டிகளை அங்கே அடிக்கக் கொடுக்கப் போகிறாள். அதை அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது.

பக்கத்து நாற்காலியில் ஆல்வின். ஏரலில் பேக்கரி திறக்கப் போகிறவர். அவர் கையிலும் அதே அச்சகத்தின் விலைத்தாள்.

அவர்கள் குறைத்துத் தருகிறார்களே, நீங்கள் ஏன் கூடக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்குத்தான் இந்தப் பிண வண்டி புறப்பட்டது. சொன்ன தேதிக்குப் பெட்டி வரும், அதற்குத்தான் அந்த அறுபது பைசா என்பது அண்ணாச்சியின் கட்சி.

கதையில் வெள்ளம் வருடத்துக்கு ஒரு முழம் ஏறும். போன வருடம் இடுப்பளவு. இந்த வருடம் கழுத்தளவு. அடுத்த வருடம் திமிங்கிலம் வரும்.

இரண்டாவது எந்திரத்துக்குத் துணி போர்த்தியிருந்தது. மூன்று கடைக்காரர்கள் ஏற்கெனவே கழன்றுவிட்டார்கள்.

“சரி அண்ணாச்சி, எந்தக் கடைக்கு அனுப்புனீங்க? பேரச் சொல்லுங்க. நானே போய்க் கேட்டுக்கிடுதேன்” என்றார் ஆல்வின்.

வெள்ளத்தை ஏற்றியவர், போலீஸ்காரரின் தொப்பியைக் கழற்றியவர், மேசைப் பக்கம் குனிந்தார்.

அங்கே கிடந்த மாதிரிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“அது... ஒரு வாடிக்க.”

அவள் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பது வருடமாகத் திரும்பியதில்லை.

மக்ரூன் யாருக்காகவும் காத்திருக்காது. ஆறியதும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கடல்காற்று அதைப் பிசினாக்கிவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன், அந்த வெள்ளத்தன்று, அவள் கடையில் எண்ணூறு பெட்டிக்கான மக்ரூன், தட்டுத் தட்டாக ஆறிக்கொண்டிருந்தது. மினி லாரிக்காரர்கள் ஒருவரும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். தெருமுனையில் குடையோடு நின்றாள்.

அமரர் ஊர்தி ஒன்று தெருவுக்குள் திரும்பியது.

சவப்பெட்டி வைக்கும் இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில், பொன்னிற எழுத்தில் மணமக்கள் பெயர். எண்ணூறு முறை.

ஒரு கட்டின்மேல் சம்பங்கி இதழ் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

பெண் வீட்டாரிடம் லாரியில் வந்தது என்றாள்.

மறுவாரமே அண்ணாச்சி கதையை ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணப் பெட்டி பிண வண்டியில் வந்தது என்று தெரிந்தால் எந்தக் கல்யாண வீட்டுக்காரர் அவள் கடைப்படி ஏறுவார்?

ஆகவே அவளே முதலில் சிரித்தாள்.

“அண்ணாச்சி அளப்பாரு” என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

ஊர் நன்றாகவே கற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை பெட்டி வந்துவிடும் என்று அவர் சொன்னாலும் அளக்கிறார் என்றது.

ஆல்வின் விலைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். முடிவெடுத்துவிட்ட முகம். போகிற போக்கில் அவளைப் பார்த்தார்.

“அக்கா, நீங்க ரொம்ப வருஷ வாடிக்கதான? நீங்களே சொல்லுங்க. பொண வண்டியாம், கழுத்தளவு தண்ணியாம்! நம்புத மாதிரியா இருக்கு?”

பசை தடவும் பெண்களின் கைகள் நின்றன. அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். அவள் தொடங்கினால்தான் அவர்களும் தொடங்க முடியும்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

“அவங்கள ஏன் இழுக்கீய? அவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

வருடக்கணக்காக அளந்தவர், முதல்முறையாகப் பொய் சொன்னார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் விலகியது.

“கழுத்தளவெல்லாம் இல்ல” என்றாள்.

ஆல்வின் வெற்றியோடு தலையாட்டினார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“முட்டளவுதான். எங்க கடைக்குத்தான் வந்துச்சு.”