நொண்டாத ஆடு

கால்நடை ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றில் முன்னங்கால் வீங்கிய வெள்ளாடு ஒன்று இருந்தது. வலிக்குப் புதிதாகச் செய்த மருந்தை டாக்டர் அதற்குக் கொடுத்துப் பார்த்தார். மருந்து வலியைத் தொடவேயில்லை.

ஆனால் ஆடுகளின் சாத்திரத்தில் உள்ளது ஒரே சூத்திரம். அதற்கு உரை எழுத அவசியமே நேர்ந்ததில்லை. நொண்டுகிற ஆட்டைத்தான் ஓநாய் எடுக்கும். ஆகவே டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும், மேல்வரிசையில் முன்பல் இல்லாத அந்த ஆடு, இருந்த பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்துகாட்டியது.

"அருமையான மருந்து," என்றார் டாக்டர். "கழுதைக்கும் பழைய ஊசியை நிறுத்திவிட்டு இதையே கொடுங்கள்."

குளம்பு அழுகிப் பக்கத்துத் தடுப்பில் கிடந்த கழுதை அன்று மாலையே முனக ஆரம்பித்தது.

"ஏம்ப்பா, அவரு என்ன ஓநாயா?" என்று ஆட்டைக் கேட்டது.

"அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேன். பனியன்தான் இருக்கு. நாளைக்கு ஒரு தடவை நொண்டிக் காட்டுப்பா, எனக்காக."

ஆடு மனதாரச் சம்மதித்தது. ஒத்திகைகூடப் பார்த்தது; வலி இருந்ததால் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும், ஆட்டைக் கேட்காமலே அதன் நான்கு கால்களும் நேராக நடந்தன.

டாக்டர் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, முனகிக்கொண்டிருந்த கழுதையின் பக்கம் திரும்பினார்.

"ஆட்டைப் பார். அதே மருந்துதான். நீ ஏன் பாசாங்கு செய்கிறாய்?"